அந்தப் பலகையை யாரும் கொண்டுவந்து போடவில்லை

2015 ஜூலை 29 அன்று, ரீயூனியன் தீவின் சாந்த்-ஆந்த்ரே கடற்கரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்களின் கண்ணில் ஒரு பலகை பட்டது. இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். ஒரு விளிம்பு கந்தலாகக் கிழிந்திருந்தது. உடம்பெல்லாம் கொத்துக் கொத்தாகக் கடல் உயிரிகள். போயிங் 777 விமானத்தின் வலது இறக்கையில், பின்விளிம்பில் பொருத்தப்படும் ஃபிளாப்பரான் என்ற உறுப்பு அது. 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பி, 239 பேரோடு காணாமற்போன எம்எச்370 விமானத்தின் முதல் பருப்பொருள் தடயம். தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் அந்தச் சிற்றூரின் பெயர் ஒரே நாளில் உலகெங்கும் ஒலித்தது. கூடவே ஒரு சந்தேகமும் பிறந்தது. பத்தாண்டு கடந்த பிறகும் காணொளிகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. விமானச் சிதைவு இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதந்து வராது. வந்தால் ஆஸ்திரேலியக் கரையில்தான் ஒதுங்கியிருக்க வேண்டும். விழுந்த இடத்தில் ஒரு துண்டைக்கூட விமானங்கள் காணவில்லை. பலகையில் ஒட்டியிருந்த உயிரிகளின் வயது கணக்கோடு பொருந்தவில்லை. ஆகவே யாரோ அதைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், விமானம் தென்கடலுக்குப் போகவே இல்லை என்பதே அந்த வாதம். கேட்பதற்குக் கோவையாகத் தெரிகிறது. ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்பதில்லை.

முதலில் மிதப்பதைப் பற்றி. விமானம் என்றதும் நம் மனத்தில் எழுவது உலோகம். என்ஜினும் சக்கரத் தொகுதியும் தண்ணீரில் விழுந்தால் கல்லைப் போல மூழ்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இறக்கையின் அசையும் பகுதிகள், வால்பகுதியின் தகடுகள், என்ஜின் உறை, பயணிகள் அறையின் உட்சுவர்ப் பலகைகள் ஆகியவை வேறு வகை. கார்பன் இழையோ கண்ணாடி இழையோ பிசினில் தோய்த்து இறுக்கிய மெல்லிய இரண்டு தோல்கள். அவற்றுக்கு நடுவே தேன்கூட்டைப் போன்ற அறைகள். அந்த அறைகளில் இருப்பது காற்று. தோல் முழுதாகக் கிழிந்து ஒவ்வோர் அறையாக நீர் புகும் வரை அந்தப் பலகை மிதக்கும்; அதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். 2007 ஜனவரி 1 அன்று இந்தோனேசியாவில் 102 பேரோடு மறைந்த ஆடம் ஏர் விமானத்தின் வால்பகுதித் தகடு ஒன்று, பத்து நாள் கழித்து சுலாவெசிக் கரையோரத்தில் ஒரு மீனவர் கையில்தான் முதலில் கிடைத்தது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளையைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அது இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் நிலைப் பகுதி என்று ஆஸ்திரேலிய விண்வெளி நிறுவனம் உறுதிசெய்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வானேறிய பொருள், கடலில் விழுந்து, உடலெங்கும் உயிரிகள் படிய மிதந்து, வேறொரு கண்டத்தில் கரையேறியது. அதை யாரும் கொண்டுவந்து போட்டதாகச் சொல்லவில்லை.

இதில் இன்னொரு செய்தி அடங்கியிருக்கிறது. ரீயூனியனுக்குப் பிறகு மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், ரோட்ரிகஸ், தான்சானியா, மடகாஸ்கர் கரைகளிலும் துண்டுகள் கிடைத்தன. அவை எவை? இறக்கை மடிப்புகள், அவற்றின் உறைப்பலகைகள், என்ஜின் மேலுறையின் ஒரு துண்டு, பயணிகள் அறையின் உட்பலகை. எது மிதக்க வேண்டுமோ அது வந்தது. எது மூழ்க வேண்டுமோ அது வரவில்லை.

அடுத்தது தூரம். விமானம் ஒவ்வொரு மணி நேரமும் செயற்கைக்கோளுடன் பரிமாறிக்கொண்ட குறுஞ்சைகைகளைக் கொண்டு, கடைசிச் சைகையின்போது அது எங்கே இருந்திருக்கலாம் என்று ஒரு வளைகோடு வரையப்பட்டது. ஏழாவது வளைகோடு என்று அதற்குப் பெயர். அந்தக் கோட்டில் தெற்கு 35 பாகைக்கு அருகே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து ரீயூனியன் நேர்கோட்டில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். விமானம் மறைந்த நாளுக்கும் பலகை கிடைத்த நாளுக்கும் இடையே 508 நாள். வகுத்தால் நாளொன்றுக்கு எட்டு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. மணிக்கு ஒரு கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கடல் நேர்கோட்டில் கொண்டுபோகாது, சுழித்தும் வளைந்தும்தான் போகும் என்று வைத்து வழித்தூரத்தை இரட்டிப்பாக்கினாலும், தவழும் குழந்தையின் வேகத்தைத்தான் அது எட்டும். 'நான்காயிரம் கிலோமீட்டர்' என்று சொல்லும்போது மலைக்கும் மனம், 'ஐந்நூறு நாள்' என்பதைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறது. 1883-இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது சுந்தா நீரிணையில் கொட்டிய நுரைக்கற்கள் இதைவிட நெடிய தூரம் மிதந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை அடைந்தன.

அந்தப் பாதையும் தற்செயலானதல்ல. தெற்கு இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் ஒரு பெரும் வட்டமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. தெற்கே, மேலைக்காற்று வீசும் பகுதியில் நீர் கிழக்கு நோக்கி நகர்கிறது. ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது வடக்கே திரும்புகிறது. ஏறக்குறைய 10 முதல் 20 பாகைக்குள் தென் நடுக்கோட்டு நீரோட்டமாக மேற்கே பாய்கிறது. அந்த நீரோட்டத்தின் வழியில் இருப்பவைதாம் ரோட்ரிகஸ், மொரீஷியஸ், ரீயூனியன். அதற்கப்பால் மடகாஸ்கர் குறுக்கே நிற்பதால் ஓட்டம் பிளவுபடுகிறது. ஒரு கிளை தான்சானியப் பக்கம், மற்றது தெற்கே மொசாம்பிக்கையும் தென்னாப்பிரிக்காவையும் ஒட்டி. சிதைவுகள் கிடைத்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். அந்த நீரோட்டத்தையே வரைந்தது போலிருக்கும். தன் வள்ளத்தின் என்ஜின் நின்றுபோனால் நீவாடு தன்னை எங்கே இழுத்துப்போகும் என்று நம் கரையோர மீனவருக்குத் தெரியும். அதே அறிவுதான் இங்கே பெருங்கடல் அளவில் பயன்படுகிறது.

பொருள் மிதந்து போவதில் நீரோட்டத்தோடு காற்றுக்கும் பங்குண்டு. நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் காற்று பாய்போல் தள்ளும். ஆகவே ஒரே இடத்தில் விழுந்த இரண்டு துண்டுகள் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு திசையில் போகும். 2011 ஜப்பான் சுனாமியில் பெயர்ந்த மிசாவா துறைமுகத்தின் மிதவை மேடை 15 மாதத்தில் அமெரிக்காவின் ஓரிகன் கரையை அடைந்ததும், அதே சுனாமியில் போன எத்தனையோ பொருட்கள் பின்னால் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்ததும் இதனால்தான். 'ரோட்ரிகஸ் கிழக்கே இருக்கிறது. அங்கே கிடைத்த துண்டு ஏன் ரீயூனியன் துண்டுக்குப் பல மாதம் கழித்துக் கிடைத்தது?' என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. தட்டையாக நீரோடு ஒட்டி மிதக்கும் உட்பலகை மெதுவாகத்தான் நகரும். அதோடு, கண்டெடுத்த நாள் கரையொதுங்கிய நாளாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ இதை ஏட்டுக் கணக்காக விட்டுவிடவில்லை. டேவிட் கிரிஃபின் தலைமையிலான குழு முதலில் ஃபிளாப்பரானின் மாதிரிகளைச் செய்து கடலில் விட்டுப் பார்த்தது. அந்த மாதிரிகளின் வேகம் போதவில்லை. 2015 ஜூலைக்குள் ரீயூனியனை எட்டுவதை அவற்றால் எளிதில் விளக்க முடியவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்கு அப்போது ஒரு பிடி கிடைத்திருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு உண்மையான போயிங் 777 ஃபிளாப்பரான் ஒன்றை வரவழைத்து, கரையில் கிடைத்ததைப் போலவே வெட்டிச் சிதைத்து, டாஸ்மேனியக் கடலோரத்தில் மிதக்கவிட்டார்கள். அது மாதிரிகளைவிட வேகமாகச் சென்றது. காற்றடிக்கும் திசைக்கு ஏறக்குறைய 20 பாகை இடப்புறம் விலகியும் சென்றது. 2017 ஏப்ரலில் வெளியான அறிக்கையின்படி, அந்த நடத்தையைக் கணக்கில் சேர்த்ததும் வருகை நாள் இயல்பாகவே பொருந்தியது.

இனி ஆஸ்திரேலியக் கரை. இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்கள் ஒரு நல்ல ஆதாரத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். விமானம் மிகத் தெற்கே, 40 பாகையை ஒட்டி விழுந்திருந்தால், கிழக்கு நோக்கிய ஓட்டமும் மேலைக்காற்றும் சிதைவில் ஒரு பகுதியை மேற்கு ஆஸ்திரேலியாவிலோ டாஸ்மேனியாவிலோ கொண்டு சேர்த்திருக்கும். 35 பாகையை ஒட்டியோ அதற்கு வடக்கேயோ விழுந்திருந்தால் பெரும்பகுதி வடக்கே ஏறி மேற்கே போய்விடும். ஆக, ஆஸ்திரேலியக் கரை வெறுமையாக இருப்பது விழுந்த இடம் எவ்வளவு தெற்கே இருக்க முடியாது என்பதைச் சொல்கிறது. தேடல் பகுதியை வடக்கே நகர்த்த வேண்டும் என்று ஆய்வாளர்கள் வாதிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

'ஆனால் ஆஸ்திரேலிய அதிகாரிகளே முதல் துண்டுகள் சுமத்ராவில் ஒதுங்கும் என்று சொன்னார்களே?' உண்மைதான், சொன்னார்கள். 2014-இல் வெளிவந்த அந்தக் கணிப்பில் காற்றின் தரவைக் கையாண்ட விதத்தில் பிழை இருந்ததை 2015 ஆகஸ்டில் அவர்களே அறிவித்தார்கள். அதே 2014-இல், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும், இலங்கையில் பிறந்த கடலியல் பேராசிரியர் சரித பட்டியாராச்சியின் குழு, சிதைவுகள் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்குள் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் போய்ச் சேரும் என்று கணித்திருந்தது. ரீயூனியனில் எதுவும் கிடைப்பதற்கு முன்பே சொன்னது அது. அந்தக் கணிப்பை நம்பி மொசாம்பிக், மடகாஸ்கர் கரைகளில் நடந்து தேடியவர்களுக்குத் துண்டுகள் கிடைத்தன. ஒரு குழு கணக்கில் பிழை செய்ததால் கடலியலே பொய்யாகிவிடாது.

கடலின் மேற்பரப்பில் எதையும் காணவில்லை என்ற வாதம், தேடல் எப்போது, எங்கே நடந்தது என்பதைப் பார்த்தாலே தளர்ந்துவிடும். தென்சீனக் கடலிலும் மலாக்கா நீரிணையிலும் முதல் நாட்கள் கழிந்தன. தெற்கு இந்தியப் பெருங்கடலில் தேடல் தொடங்கியது மார்ச் 18. விமானம் விழுந்து பத்து நாள் கழித்து. மார்ச் 28-இல் தேடும் இடமே 1,100 கிலோமீட்டர் வடகிழக்கே மாற்றப்பட்டது. ஏப்ரல் 28-இல் வான்வழித் தேடல் நிறுத்தப்பட்டது. இதற்குள் சிதைவுகள் பரவிக் கலைந்திருக்கும். 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இன் மிதக்கும் பகுதிகள் விரைவாகக் கண்ணில் பட்டன. அங்கே கடைசி நிலை துல்லியமாகத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தாலும் காணாமற்போகலாம் என்பதற்கு நம் வங்கக் கடலே சான்று. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு சென்ற விமானப்படையின் ஏஎன்-32, அன்றே கப்பல்களும் விமானங்களும் தேடத் தொடங்கியும், மிதக்கும் தடயம் எதையும் தரவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தெரிந்தன. மேலே ஒன்றும் தென்படாத அந்த ஏழரை ஆண்டும் அது வங்கக் கடலில்தான் கிடந்தது.

இனி உயிரிகள். சந்தேகக்காரர்களின் வாதங்களில் உண்மையில் கனமானது இது ஒன்றுதான். அதனால் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். படகின் அடியிலும் மிதக்கும் கட்டையிலும் ஒட்டி வளரும் கொட்டலசு இனத்தில், தண்டுபோன்ற காம்பின் நுனியில் ஓடு வளரும் ஒரு வகை உண்டு. நடுக்கடலில் மிதக்கும் பொருளைத் தேடி அதன் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளும். ஃபிளாப்பரானின் இரு பக்கத்திலும் அவை இருந்தன. பிரான்சில் அதை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டபோதோ ஒரு பகுதி நீருக்கு மேலே நின்றது. நீருக்கு வெளியே இந்த உயிரி வாழாது. எனவே பலகை கட்டி மூழ்கடிக்கப்பட்டிருந்தது என்பது வாதம். தொட்டியின் நீர் அசையாதது. தென்கடலின் நீரோ எந்நேரமும் அலையால் புரள்வது. தட்டையான பலகை அங்கே ஒரே முகத்தை வானுக்குக் காட்டிக்கொண்டு ஐந்நூறு நாள் கிடக்காது. நீர் ஊறுவதாலும், ஒட்டிய உயிரிகளின் எடையாலும் மிதக்கும் நிலை மாதத்துக்கு மாதம் மாறும். கரையில் எடுத்து, உலர்ந்து, விமானத்தில் பிரான்சுக்குப் போன பலகை தொட்டியில் மிதந்த விதம், கடலில் அதன் கடைசி வாரங்களைக்கூட அப்படியே காட்டும் என்று சொல்ல முடியாது. இந்த முரண் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விளக்கம் தேவைப்படும் ஒரு சிறு முரணை வைத்துக்கொண்டு, ஒரு சதியைக் கட்டியெழுப்புவது ஓட்டை விழுந்த கூரைக்காக வீட்டையே இடிப்பதாகும்.

வயதைப் பற்றிய வாதம் இன்னும் எளிதில் விடுபடும். ஆராயக் கிடைத்த கொட்டலசுகளில் பல, விமானம் மறைந்த நாளிலிருந்து கணக்கிட்டால் வர வேண்டிய வயதைவிட இளையவை என்பது சரி. ஒரு வீட்டில் குடியிருக்கும் குழந்தையின் வயதை வைத்து அந்த வீடு எப்போது கட்டப்பட்டது என்று சொல்வோமா? பலகை விழுந்த அன்றே அத்தனை குஞ்சுகளும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒட்டும், உதிரும், மீன் தின்னும், மறுபடி புதியவை ஒட்டும். இளைய ஓட்டிலிருந்து தெரிவது ஒரு கீழெல்லை மட்டுமே: குறைந்தது இத்தனை காலம் அது நீரில் இருந்தது.

அந்த ஓடுகள் இன்னும் நுட்பமான ஒன்றையும் சொல்லும். ஓடு அடுக்கடுக்காக வளர்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் அப்போதைய கடல்நீரின் வெப்பநிலை, ஆக்ஸிஜன் அணுவகைகளின் விகிதமாகப் பதிகிறது. தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் கிரிகரி ஹெர்பர்ட் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், உயிருள்ள கொட்டலசுகளை அறிந்த வெப்பநிலைகளில் வளர்த்து இந்தக் கணக்கைச் சரிபார்த்து, ஃபிளாப்பரானிலிருந்து எடுத்த ஓட்டைப் படித்து, நீரோட்டக் கணிப்போடு இணைத்து, அதன் பயணத்தின் கடைசிப் பகுதியை மீட்டுவரைந்தார்கள். கையில் கிடைத்தது இளைய ஓடு என்பதால் பயணத்தின் தொடக்கம் அதில் இல்லை.

இனி 'கொண்டுவந்து போட்டார்கள்' என்பதை நேராகவே எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு 777-இன் உறுப்பைக் கரையில் எறிவது ஒருவேளை சாத்தியம். ஆனால் ஃபிளாப்பரானின் உட்புறத்திலிருந்த எண்களில் ஒன்றை, அதைத் தயாரித்த ஸ்பெயின் நிறுவனத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அது எம்எச்370-உடையதுதான் என்று 2015 செப்டம்பர் 3 அன்று பிரெஞ்சு அரசு வழக்கறிஞர் அறிவித்தார். 2016 ஜூனில் தான்சானியாவின் பெம்பா தீவில் கிடைத்த வலது வெளி இறக்கை மடிப்பிலிருந்த எண், இத்தாலியத் தயாரிப்பாளரின் பதிவின்படி, கட்டப்பட்ட 404-ஆவது போயிங் 777-க்கு உரியது. அந்த விமானம்தான் மறைந்தது. மொரீஷியஸில் கிடைத்த இடது மடிப்பின் துண்டும் இதேபோல் உறுதியானது. ஆக, போடுகிறவர் கையில் அந்த விமானமே இருந்திருக்க வேண்டும். அதன் இரு இறக்கைகளையும் பிய்த்து, மிதக்கும் உறுப்புகளை மட்டும் தேர்ந்து, கடல் உயிரிகளை வளர்த்து, வெப்பக் குளிர்ப் பதிவோடு அவற்றின் ஓடு அமையச் செய்து, ஆறு நாடுகளின் கரைகளில் நீரோட்டம் கொண்டுபோகும் ஒழுங்கில் போட்டிருக்க வேண்டும். கடல் தானாகச் செய்வதை மனிதர் இத்தனை பாடுபட்டுச் செய்தார்கள் என்று நம்புவதற்கு ஒரு தடயமாவது வேண்டும். இன்று வரை யாரும் ஒன்றும் காட்டவில்லை.

கடைசி ஆட்சேபம் நியாயமானது. நீரோட்டக் கணக்கு அத்தனை நம்பகமானது என்றால் விமானம் ஏன் கிடைக்கவில்லை? 2017 ஜனவரி வரை 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடி தேடப்பட்டது. 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம், சிஎஸ்ஐஆர்ஓ சுட்டிய பகுதியையும் சேர்த்து, மேலும் 1,12,000 சதுர கிலோமீட்டர் தேடியது. இரண்டிலும் ஒன்றும் அகப்படவில்லை. பின்னோக்கிய நீரோட்டக் கணக்கால் ஒரு புள்ளியைக் காட்ட முடியாது என்பதை ஏர் பிரான்ஸ் 447 ஏற்கெனவே நமக்குக் கற்பித்திருக்கிறது. சில நாட்களே மிதந்த சிதைவுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தேடியபோது அது தவறான இடத்துக்கு அழைத்துச் சென்றது. இரண்டாண்டு கழித்து 2011 ஏப்ரலில் விமானம் கிடைத்த இடமோ, கடைசியாக அறிந்த நிலையிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். தொடக்கத் தேடலில் கப்பல்கள் அந்தப் பகுதியைக் கடந்துசென்றும் தவறவிட்டிருந்தன. சில நாளுக்கே இப்படியென்றால் 508 நாளுக்குப் பிழை எவ்வளவு விரியும் என்று ஊகிக்கலாம். மிதந்துவந்த துண்டுகளால் சொல்ல முடிந்தது எந்தக் கடல், அதன் எந்தப் பகுதி என்பது. அதைச் செயற்கைக்கோள் கணக்கிலிருந்து முற்றிலும் வேறான வழியில் சொல்லின. சொன்ன விடை அதனோடு ஒத்துப்போகிறது. எந்தப் பள்ளத்தாக்கு என்று அவற்றைக் கேட்பது கேட்கத் தகாத கேள்வி.

கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று உண்டு. ஃபிளாப்பரானில் இருந்த மிகப் பெரிய, மிக மூத்த கொட்டலசுகளை இதே முறையில் படித்தால் பயணத்தின் தொடக்கம் வரை போகலாம் என்று 2023 ஆய்வைச் செய்தவர்களே சொன்னார்கள். சதிக் காணொளியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், அந்த மூத்த ஓடுகளை ஏன் இன்னும் முழுமையாகப் படிக்கவில்லை என்று கேளுங்கள். போனவர்களில் ஐந்து பேர் இந்தியர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கும் இருக்கிறது.